சமுதாயக் கல்லூரி உளவியல், சமூகவியல் ஆசிரியர் அமைப்புகள்

சமுதாயக் கல்லூரி உளவியல், சமூகவியல் ஆசிரியர் அமைப்புகள் என்பன, ஐக்கிய அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் இவ்விரு பாடங்களையும் கற்பிப்போர் தம் துறைசார் தேவைகளுக்காக ஒன்றுகூடும் குழுக்கள், கழகங்கள், சங்கப் பிரிவுகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானவை அமெரிக்க உளவியல் சங்கம், அமெரிக்கச் சமூகவியல் சங்கம் ஆகிய பெரிய அறிஞர் சங்கங்களின் உள்ளேயோ அவற்றை ஒட்டியோ அமைந்தவை. தொழிற்சங்கங்களிலிருந்து இவை வேறுபட்டவை. ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் பற்றி நிருவாகத்துடன் பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. எதைக் கற்பிப்பது, கற்பிக்கும் முறையை எவ்வாறு மேம்படுத்துவது, ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை மற்றொரு நிறுவனம் ஏற்குமாறு எவ்வாறு அமைப்பது என்பன இவ்வமைப்புகளின் வேலை.

அறிஞர் சங்கங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களை மனத்திற்கொண்டு உருவானவை. ஆய்வு செய்வதைப் பணியாகக் கொள்ளாத, ஆனால் ஏராளமான மாணவர்களுக்கு அத்துறையை முதன்முதலாக அறிமுகம் செய்யும் ஆசிரியருக்கு அங்கே என்ன இடம் என்ற வினா இவ்வமைப்புகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றது.

பின்புலம்

சமுதாயக் கல்லூரி என்பது உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய முதல் இரண்டு ஆண்டுக் கல்வியைக் குறைந்த கட்டணத்தில் வழங்கும் பொதுக் கல்லூரி ஆகும். இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் முதலாவதாகக் கொள்ளப்படுவது 1901-ஆம் ஆண்டு இலினொய் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஜோலியட் இளநிலைக் கல்லூரி. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் இதன் தோற்றத்திற்குக் காரணமானவர்கள். முதலில் சேர்ந்தோர் ஆறு மாணவர்களே. 1920-இல் இக்கல்லூரிகளுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்வி உதவி அளித்த 1944-ஆம் ஆண்டுச் சட்டமும், குடியரசுத் தலைவர் ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணையத்தின் 1947-ஆம் ஆண்டு அறிக்கையும் இவற்றின் பெருக்கத்திற்கு வித்திட்டன. 'இளநிலைக் கல்லூரி' என்ற பழைய பெயர் மெல்ல வழக்கிழந்து 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவியதும் அவ்வறிக்கைக்குப் பின்னரே. இன்று இவ்வகைக் கல்லூரிகள் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. அந்நாட்டு இளங்கலை மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் இவற்றில் பயில்கின்றனர்.

இங்கு இரண்டாண்டுகள் பயின்று 'இணைநிலைப் பட்டம்' பெறும் மாணவர், நான்காண்டுப் பல்கலைக்கழகமொன்றின் மூன்றாம் ஆண்டிற்கு மாறிச் செல்லலாம். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பை முடித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் பாடத்திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு வகுக்கின்றது. அமெரிக்காவிலோ ஒவ்வொரு கல்லூரியும் தன் பாடத்தைத் தானே வகுத்துக்கொள்வதே நெடுங்கால வழக்கம். எனவே ஒருவர் படித்த 'உளவியல் அறிமுகம்' என்ற பாடம், அவர் மாறிச் செல்லும் இடத்தில் செல்லுபடியாகுமா என்பது தானாக உறுதியாகிவிடும் ஒன்றன்று. செல்லுபடியாகாவிடில் அம்மாணவர் அதே பாடத்திற்கு மீண்டும் கட்டணம் செலுத்தி மீண்டும் படிக்க வேண்டும்.

இரு பாடங்களின் நிலை

உளவியல் அறிமுகமும் சமூகவியல் அறிமுகமும் சமுதாயக் கல்லூரிகளில் மிகுதியாக எடுக்கப்படும் பாடங்களைச் சேர்ந்தவை. இவற்றில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் உளவியலாளராகவோ சமூகவியலாளராகவோ ஆகப்போகிறவர் அல்லர். செவிலியர் படிப்பில் சேர விரும்புவோர், காவல்துறை, சமூகப்பணி, குழந்தைக் கல்வி ஆகியவற்றை நோக்கிச் செல்வோர், பொதுக்கல்வி நிபந்தனையை நிறைவு செய்ய வந்தோர் எனப் பலரும் இருப்பர். 2015-இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மனித நடத்தையின் உளவியல், சமூக, உயிரியல் அடிப்படைகளைப் பற்றிய தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. 59 வினாக்கள், 95 நிமிடங்கள் கொண்ட அப்பகுதி, மருத்துவம் படிக்க எண்ணுவோரும் இவ்விரு பாடங்களையும் நாட ஒரு காரணமாயிற்று.

இப்பாடங்களை நடத்தும் முழுநேர ஆசிரியர் பொதுவாக ஒரு பருவத்தில் ஐந்து வகுப்புகள் எடுக்கிறார். ஆய்வுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எடுப்பவை இரண்டளவில் இருக்கும். சமுதாயக் கல்லூரி ஆசிரியருக்கு வேண்டிய அடிப்படைத் தகுதி பெரும்பாலும் முதுகலைப் பட்டமே. ஆய்வுக்கூடமோ ஆய்வு மாணவர்களோ அவருக்கு இல்லை. ஒரே துறையில் முழுநேர ஆசிரியர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள சிறு கல்லூரிகளும் பல. அடுத்த அறையில் பாடத்தைப் பற்றிக் கலந்து பேச ஆளில்லாத இந்நிலையே ஊர் கடந்த அமைப்புகளை அவர்களுக்கு இன்றியமையாதவை ஆக்குகின்றது.

உளவியல்

அமெரிக்க உளவியல் சங்கம் 1892-இல் ஜி. ஸ்டான்லி ஹாலின் முயற்சியால் தோன்றியது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் இச்சங்கம் மறுசீரமைக்கப்பட்டுப் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டபோது, இரண்டாம் பிரிவு உளவியல் கற்பித்தலுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னாளில் 'உளவியல் கற்பித்தல் கழகம்' எனப் பெயர் பெற்ற இப்பிரிவு, 1974 முதல் 'டீச்சிங் ஆஃப் சைக்காலஜி' என்ற ஆய்விதழை வெளியிட்டு வருகின்றது. வகுப்பறையில் எது பயன் தருகிறது, எது தரவில்லை என்பதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் இதழ் இது. வேறு ஆய்வுக்கூடம் இல்லாத ஆசிரியருக்கும் தன் வகுப்பறை ஆய்வுக்கூடமாகலாம் என்ற எண்ணம் இவ்விதழால் வலுப்பெற்றது எனலாம்.

உளவியல் சங்கத்தின் முழு உறுப்பினர் தகுதிக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்பது நெடுநாள் விதி. முதுகலைப் பட்டத்துடன் கற்பிக்கும் சமுதாயக் கல்லூரி ஆசிரியர் இவ்விதியின்படி வாயிலிலேயே நின்றுவிடுகிறார். இதனை ஈடுசெய்யச் சங்கம் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்கெனத் தனி இணைப்பு உறுப்பினர் வகையொன்றை ஏற்படுத்தியது. உளவியல் கற்பித்தல் கழகமோ இன்னும் எளிய வழியைக் கொண்டது. தாய்ச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவரும் இக்கழகத்தில் சேரலாம். அமைப்பு விதிகளில் காணும் இத்தகைய சிறு வேறுபாடுகள் வெளியாருக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். யார் குழுவில் அமரலாம், யார் பாடத்திட்ட அறிக்கையில் கைவைக்கலாம் என்பதை முடிவு செய்பவை இவையே.

உயர்நிலைப் பள்ளி உளவியல் ஆசிரியர்களுக்கென 1992-இல் சங்கத்தினுள் ஓர் அமைப்பு உருவானது. சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் அதுபோன்று தனிக் குழு அமைந்தது. இக்குழு பின்னர் இணைநிலை, இளங்கலைக் கல்வி ஆகிய இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் குழுவாக மாற்றப்பட்டது. இரண்டாண்டு, நான்காண்டுக் கல்லூரி ஆசிரியர்கள் ஒரே மேசையில் அமர்வது இம்மாற்றத்தின் நன்மை. சமுதாயக் கல்லூரி என்ற பெயரே குழுவின் பெயரிலிருந்து மறைந்தது இதன் மறுபக்கம்.

மாணவர் தரப்பிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. நான்காண்டுக் கல்லூரி உளவியல் மாணவர்களுக்கான 'சை கை' என்னும் தகைமைக் கழகம் 1929-இல் தோன்றியது. இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கான 'சை பீட்டா' 1977-இல்தான் தோன்றியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி இது.

உளவியல் கற்பித்தல் கழகம் ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில் இரண்டாண்டுக் கல்லூரி ஆசிரியருக்கான விருது வெயின் வெய்ட்டன் பெயரால் அமைந்தது. வெய்ட்டன் இலினொய் மாநிலத்தின் டுபேஜ் கல்லூரி என்னும் சமுதாயக் கல்லூரியில் கற்பித்தவர். அவர் எழுதிய அறிமுகப் பாடநூல் பல பதிப்புகள் கண்டு, பல்கலைக்கழகங்களிலும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. கழகத்தின் தலைவராகவும் அவர் இருந்துள்ளார். அறிமுகப் பாடத்தை நூற்றுக்கணக்கான முறை நடத்திய ஒருவரே அதற்கான நூலைச் செம்மையாக எழுத இயலும் என்பதற்கு இவரை எடுத்துக்காட்டாகக் கூறுவது பொருந்தும்.

பாடத்தின் எல்லையை வகுத்தல்

இளங்கலை உளவியல் பற்றிய தேசியக் கலந்தாய்வுகளில் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் படிப்படியாக இடம்பெற்றனர். 1991-இல் மேரிலாந்தின் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் நடந்த மாநாடு, 1999-இல் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் கூடிய பங்காண்மைத் திட்டம், 2008-இல் பியூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடு ஆகியன இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் 1999-ஆம் ஆண்டுத் திட்டம் உயர்நிலைப் பள்ளி, சமுதாயக் கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகிய மூன்று நிலை ஆசிரியர்களையும் வேண்டுமென்றே கலந்து அமர்த்தியது.

உளவியல் சங்கம் இளங்கலை உளவியலுக்கான வழிகாட்டு நெறிகளை 2007-இல் வெளியிட்டது. 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. அறிவுத்தளம், அறிவியல் ஆய்வுமுறையும் திறனாய்வுச் சிந்தனையும், அறமும் சமூகப் பொறுப்பும், தொடர்பாடல், தொழில்முறை வளர்ச்சி என்ற ஐந்து இலக்குகளுக்கும் இரு படிநிலைகள் வகுக்கப்பட்டன. முதற்படி அடித்தளப் படிநிலை; ஏறத்தாழ முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர் எட்ட வேண்டியது. அடுத்தது இளங்கலைப் படிநிலை. இதன் விளைவாகச் சமுதாயக் கல்லூரி தன் மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டியது எது என்பது தேசிய ஆவணமொன்றில் தெளிவாக எழுதப்பட்டது. நான்காண்டுப் படிப்பின் அரைகுறைப் பகுதியாக அன்றி, தனக்கென முழுமையுள்ள ஒரு கட்டமாக முதல் ஈராண்டுகள் கொள்ளப்பட்டன. மூன்றாம் பதிப்பு 2023-இல் வெளிவந்தது.

அறிமுகப் பாடத்தைப் பற்றி மட்டும் ஆராய்ந்த பணிக்குழுவொன்று 2014-இல் 'ஐந்து தூண்கள்' என்னும் அமைப்பை முன்மொழிந்தது. உயிரியல், அறிதிறன், வளர்ச்சி, சமூகமும் ஆளுமையும், உடல்-உள நலம் என்பன அத்தூண்கள். ஆய்வுமுறை இவற்றைத் தாங்கும் அடித்தளம். ஒவ்வொரு தூணிலிருந்தும் குறைந்தது இரு தலைப்புகளையேனும் நடத்த வேண்டும் என்பது பரிந்துரை. பாடநூலின் எல்லா அத்தியாயங்களையும் ஒரே பருவத்தில் ஓடி முடிக்க முயலும் வழக்கத்திற்கு இது மாற்றாக அமைந்தது. இதனைத் தொடர்ந்த அறிமுக உளவியல் முன்னெடுப்பிற்கு இருவர் இணைத் தலைமை தாங்கினர். ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீகன் குருங். மற்றவர் வாசிங்டன் மாநிலத்தின் காஸ்கேடியா கல்லூரி என்னும் சமுதாயக் கல்லூரியின் கார்த் நியூஃபெல்ட். நாடு முழுவதற்குமான பாடப் பரிந்துரையில் சமுதாயக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தலைமையிடத்தில் அமர்ந்தது இதன் சிறப்பு.

சமூகவியல்

அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 1905-இல் தோன்றியது. லெஸ்டர் வார்டு இதன் முதல் தலைவர். உளவியலைப் போன்று இங்கே முனைவர் பட்டம் உறுப்பினராவதற்குத் தடையாக இருக்கவில்லை. ஆயினும் சங்கத்தின் மாநாடுகளும் இதழ்களும் ஆய்வையே மையமாகக் கொண்டிருந்தன. 1970-களில் ஹான்ஸ் மௌக்ஷ் தலைமையில் இளங்கலைச் சமூகவியல் கற்பித்தல் பற்றிய திட்டங்கள் தொடங்கியபின் நிலைமை மாறத் தொடங்கியது. பாடக் குறிப்புகள், வகுப்புப் பயிற்சிகள் ஆகியவற்றைத் திரட்டி ஆசிரியர்களுக்கு அனுப்பும் வளமையம் ஒன்று இதன் பயனாக எழுந்தது. 'டீச்சிங் சோசியாலஜி' இதழ் 1973-இல் தொடங்கி, 1986 முதல் சங்கத்தின் அதிகாரப்பூர்வ இதழாக வெளிவருகின்றது.

2010-களில் சங்கம் சமுதாயக் கல்லூரிச் சமூகவியல் ஆசிரியர்களைப் பற்றிய பணிக்குழுவொன்றை அமைத்தது. அவர்கள் யார், என்ன படித்தவர்கள், எந்நிலையில் பணிபுரிகின்றனர் என்பதை நாடளாவிய கருத்தாய்வு வழியாக அறிவது அதன் நோக்கம். இதன் ஆய்வுக் கட்டுரைகள் 2016-இல் மேற்கூறிய இதழில் வெளியாயின. சமூக ஏற்றத்தாழ்வைத் தொழிலாகவே ஆராயும் ஒரு துறை, தன் சொந்த ஆசிரியர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை ஆராய இத்தனை காலம் எடுத்துக்கொண்டது வியப்பிற்குரியது. பகுதிநேர ஆசிரியர் நிலையைப் பற்றிய கட்டுரை, அவர்களுடைய குறைகளைத் தனிமனிதக் குறைகளாகக் கருதாமல், அமைப்புமுறை சார்ந்த பின்னடைவாக விளக்கியது.

பகுதிநேர ஆசிரியர்கள்

சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரத்தவர். வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் இவர்களுக்குத் தனி அறை பெரும்பாலும் இராது. அடுத்த பருவத்தில் வகுப்பு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கலிபோர்னியாவில் ஒரே மாவட்டத்தில் பகுதிநேர ஆசிரியர் முழுப் பணிச்சுமையின் 67 விழுக்காட்டிற்கு மேல் கற்பிக்கக்கூடாது என்பது சட்டம். முன்னர் இவ்வரம்பு 60 விழுக்காடாக இருந்தது. பகுதிநேரம் என்ற பெயரில் முழுநேர வேலை வாங்குவதைத் தடுப்பதே இதன் கருத்து. நடைமுறையில் ஆசிரியர் ஒருவர் காலையில் ஒரு மாவட்டக் கல்லூரியிலும் மாலையில் மற்றொன்றிலும் கற்பிக்கிறார். நெடுஞ்சாலையில் பறப்பவர் என்று பொருள்படும் 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்ற கேலிப்பெயர் இவர்களுக்கு வழங்குகின்றது.

ஆசிரியர் அமைப்புகளின் மெய்யான இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. மாநாட்டிற்குச் செல்லப் பயணச்செலவும் விடுப்பும் பெறுவோர் முழுநேர ஆசிரியர்களே. அமைப்பின் உதவி மிகுதியாகத் தேவைப்படுவோர் அதன் கூட்டங்களுக்கு வர இயலாதோராக உள்ளனர். உளவியல் கற்பித்தல் கழகம் பகுதிநேர ஆசிரியர்களுக்கெனத் தனி விருது ஒன்றை ஏற்படுத்தியது. விருது ஒருவருக்குத்தான் கிடைக்கும். இலவசமாகக் கிடைக்கும் பாடக்குறிப்புகளும் தேர்வு வினாக்களும் பலருக்குப் பயன்படுவன. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட முதல் நூல்களுள் 2012-ஆம் ஆண்டின் சமூகவியல் அறிமுகமும் ஒன்று. உளவியல் நூல் 2014-இல் வந்தது. அச்சு நூல்களின் விலை நூறு டாலரைத் தாண்டும் சூழலில், கட்டணச் சலுகை பெற்றும் நூல் வாங்க இயலாத மாணவர்களுக்கு இவை பெரிதும் உதவின.

கலிபோர்னியாவின் மாறுதல் திட்டம்

கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. உலகின் மிகப்பெரிய உயர்கல்வி அமைப்புகளுள் இதுவும் ஒன்று. 2010-ஆம் ஆண்டுச் சட்டமொன்று 'மாறுதலுக்கான இணைநிலைப் பட்டம்' என்பதை உருவாக்கியது. சமுதாயக் கல்லூரியில் 60 அலகுகள் கொண்ட இப்பட்டத்தைப் பெற்றவர், கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் மேலும் 60 அலகுகள் முடித்தால் இளங்கலைப் பட்டம் பெறலாம். இதற்கான மாதிரிப் பாடத்திட்டங்களை வகுக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் துறைவாரியாக ஒன்றுகூடினர். தொடக்கத்திலேயே மாதிரிப் பாடத்திட்டம் பெற்ற துறைகளில் உளவியலும் சமூகவியலும் அடங்கும்.

உளவியலுக்கான திட்டத்தில் அறிமுகம், புள்ளியியல், ஆய்வுமுறை ஆகிய மூன்றும் கட்டாயம். ஆய்வுமுறைப் பாடத்தை முதல் ஈராண்டுகளுக்குள் வைத்தது கவனிக்கத்தக்கது. சோதனையை வடிவமைத்தல், தரவு திரட்டுதல், அறிக்கை எழுதுதல் ஆகியவற்றைச் சமுதாயக் கல்லூரி மாணவரும் செய்யலாம், அதனைக் கற்பிக்க அங்குள்ள ஆசிரியரால் இயலும் என்று பல்கலைக்கழகத் தரப்பும் ஏற்றதன் அடையாளம் அது. 2021-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், எல்லாச் சமுதாயக் கல்லூரிகளும் ஒரே பாடத்திற்கு ஒரே எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்றது. இவ்வாறு பொது எண் பெற்ற முதல் தொகுதிப் பாடங்களில் உளவியல் அறிமுகமும் ஒன்று.

புளோரிடா, 2023-2024

பாடத்தின் இருப்பே வினாவுக்குள்ளான நிகழ்வு புளோரிடாவில் நிகழ்ந்தது. 2023 ஆகத்தில் உயர்நிலைப் பள்ளிகளின் மேம்பட்ட உளவியல் பாடத்தில் பாலினம், பாலீர்ப்பு பற்றிய பகுதியைக் கற்பிப்பது குறித்து மாநில அரசுக்கும் பாடத்தை வழங்கும் கல்லூரி வாரியத்திற்கும் பூசல் எழுந்தது. அப்பகுதியை நீக்கிய பாடத்தை உளவியல் எனக் கருத இயலாது என்ற நிலையை உளவியல் சங்கம் எடுத்தது. 2024 சனவரியில் மாநிலக் கல்வி வாரியம், 28 கல்லூரிகள் கொண்ட புளோரிடாக் கல்லூரி அமைப்பின் மையப் பொதுக்கல்விப் பாடங்களிலிருந்து 'சமூகவியல் கோட்பாடுகள்' பாடத்தை நீக்கியது. அதனிடத்தில் அமெரிக்க வரலாற்றுப் பாடம் வைக்கப்பட்டது. அதே மாதத்தில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆளுநர் குழுவும் அவ்வாறே முடிவெடுத்தது. அமெரிக்கச் சமூகவியல் சங்கம் இம்முடிவை வன்மையாக எதிர்த்தது.

பாடம் தடை செய்யப்படவில்லை. விருப்பப் பாடமாக எடுக்க இயலும். ஆனால் சமுதாயக் கல்லூரியில் வகுப்புகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது பொதுக்கல்வி நிபந்தனையே. நிபந்தனையிலிருந்து நீங்கிய பாடத்தில் மாணவர் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறையும்போது முதலில் வேலை இழப்பவர் பகுதிநேர ஆசிரியர்.

இந்தியாவில்

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்ற கருத்து 1990-களில் அறிமுகமானது. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரியும் 1996-இல் சென்னைச் சமுதாயக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் இதற்கெனத் திட்டமொன்றை வகுத்தது. பெயர் ஒன்றாயினும் இவை தொழிற்றிறன் பயிற்சியை முதன்மையாகக் கொண்டவை. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற்கு மாணவரை அனுப்பும் பணி இவற்றிற்கு இல்லை. ஆதலின் மேற்கூறிய வகை உளவியல், சமூகவியல் ஆசிரியர் அமைப்புகளுக்கு இக்கல்லூரிகளில் தேவை எழவில்லை. உளவியலும் சமூகவியலும் இங்கே பெரும்பாலும் கலை, அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பின் பகுதியாகவே கற்பிக்கப்படுகின்றன.